நடுங்காத எண்

போன வாரம் நம் கம்பெனியில் இருந்து உங்களில் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பச்சைக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் நம் வார்மரில் சென்சார் தொடர்பு விட்டுப்போனால் டிஸ்ப்ளேயில் எண் மறைந்து மூன்று கோடுகள் வரும், கூடவே பீப் அடிக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பதறுகிறார்களாம். கடைசியாகப் படித்த எண்ணையே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருந்தால் என்ன என்று விற்பனைப் பிரிவு கேட்கிறதாம். "மேடம், அந்த விதியை எழுதச் சொன்னது நீங்கதானாம். காரணம் யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?" என்று முடித்திருந்தார்.

எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். வேலையில் இருந்தபோது அப்படித்தான் போடுவேன். அதனால் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஆஸ்டின் டவுன் வீட்டில் நேரம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் காரணத்தைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாமல் உட்கார்ந்து படியுங்கள்.

அப்போது நம் கம்பெனி பொம்மனஹள்ளியில், ஒசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கொரோனா அடங்கி, எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் எடை மிஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்மருக்குப் புரோகிராம் எழுதியவர் பிரகாஷ். நல்ல வேலைக்காரர். அவர் எழுதியதைப் படித்தால் தெளிவாக இருக்கும், அடுத்தவருக்குத் தலைவலி வைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கு அவரைத் திட்டத் தோன்றும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாது. அதற்குத்தான் வார்மர். குழந்தையின் வயிற்றில் ஒரு சின்ன சென்சாரை டேப் போட்டு ஒட்டுவார்கள். சூடு குறைந்தால் மேலே உள்ள ஹீட்டர் எரியும், கூடினால் அணையும். சென்சார் படித்த எண் முன்னால் சிவப்பு விளக்கில் தெரியும். உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். இதைப் படிக்கப்போகிற விற்பனைப் பிரிவுக்காகச் சொல்கிறேன்.

பிரேசர் டவுன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நம் வார்மர்கள் ஐந்து இருந்தன. அங்கிருந்து ஒரு புகார் வந்தது. எண் நடுங்குகிறது, பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்று. பிரகாஷ் ஹூப்ளியில் வேறொரு ஆஸ்பத்திரியில் மிஷின் பொருத்தப் போயிருந்தார். நம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு நடை போய்ட்டு வாங்க மேடம். டிஸ்ப்ளே தானே" என்றார். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். நானும் டிஸ்ப்ளேதானே என்று நினைத்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினேன்.

நடுக்கத்தின் காரணம் ஆட்டோவிலேயே புரிந்துவிட்டது. அந்த இலக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைகின்றன. சிப்புக்குள் இருக்கும் டைமர்தான் விடாமல் தட்டித் தட்டி அந்த வேலையை வாங்குகிறது. ஆனால் சென்சார் பதில் சொல்லும் கணத்தில் புரோகிராம் வேறு எதையும் கவனிக்காமல் அதையே கேட்க வேண்டும். அதற்காக டைமரைக்கூடக் கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைக்கிறது. அப்போது ஒரு இலக்கம் கொஞ்சம் அதிக நேரம் எரிந்துவிடுகிறது. கண்ணுக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது. அதனால் ஆபத்து எதுவும் இல்லை. அந்த நிறுத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் எண் சிலை மாதிரி நிற்கும். திருத்திய புரோகிராமை மறுநாளே அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிப் படி ஏறினேன்.

குழந்தைகள் வார்டின் பொறுப்பில் இருந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். குரல் வராந்தா முழுக்கக் கேட்கும், ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் அதே குரல் பாதியாகிவிடும்.

"வாங்க மேடம். இந்தக் கூத்தைக் கொஞ்சம் பாருங்க. டியூட்டி புள்ளைங்கல்லாம் தலைவலி தலைவலின்னு அழுவுதுங்க. எல்லாத்தையும் அந்தக் கடைசி மிஷின் மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க. போதும்."

"கடைசி மிஷின் எப்படி?"

"அது தங்கம் மேடம். ஆன் பண்ணினா கொஞ்ச நேரம் நடுங்கும், அப்புறம் செட்டில் ஆயிடும். அப்படியே நிக்கும். ரொம்ப வீக்கான பேபி வந்தா நாங்க அதுலதான் போடுவோம். நம்பி விட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கலாம்."

ஐந்து வார்மர்களும் ஒரே வரிசையில் இருந்தன. முதல் நான்கிலும் எண் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் இருந்த கடைசி மிஷினில் 36.5 என்று அசையாமல் நின்றது. உள்ளே ஒரு பெண் குழந்தை. என் கையளவுதான் இருக்கும். மூக்கில் டியூப், தலையில் கம்பளிக் குல்லா.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. பிறகுதான் உறைத்தது. ஐந்திலும் ஒரே போர்டு, ஒரே புரோகிராம். சென்சாரைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எண் நடுங்கியே ஆக வேண்டும். இது ஏன் நடுங்கவில்லை?

சென்சாரைக் கேட்கவில்லை என்றால் நடுங்காது.

ஹீட்டருக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். சூடு இல்லை. அதைச் சொன்னதும் சிஸ்டர் சிரித்தார். "முப்பத்தாறரை வந்துடுச்சு இல்ல மேடம், அதான் ஆஃப் ஆயிடுச்சு. உங்க மிஷினுக்கு நானா கிளாஸ் எடுக்கணும்?"

அவர் சொன்னதும் சரிதான். போதிய சூடு வந்தால் ஹீட்டர் அணையத்தான் செய்யும். மிஷின் ஒழுங்காக வேலை செய்தாலும் இப்படித்தான் இருக்கும், செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் இருக்கும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

"சிஸ்டர், குழந்தை வயித்துல இருக்கற சென்சாரைக் கொஞ்சம் எடுக்க முடியுமா?"

"இப்பவா? இப்பத்தான் பால் குடுத்துத் தூங்குது. சின்னதா தொட்டாக்கூட மூச்சு விட மறந்துடற பேபி மேடம் இது. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. உங்களுக்கு டிஸ்ப்ளே தானே பாக்கணும்?"

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. லேப்டாப்பை இணைத்துப் பார்த்திருக்கலாம், பிரகாஷுக்குப் போன் போட்டிருக்கலாம், கம்பெனிக்குப் போய்ப் புரோகிராமை வரி வரியாகப் படித்திருக்கலாம். நம் தொழிலில் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு அது சரி. ஆனால் அந்த மிஷினுக்குள் ஒரு குழந்தை இருந்தது. என் சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு தூக்கம் கலையும், சிஸ்டர் என்னை வறுத்தெடுப்பார். சரியாக இருந்தால் நான் யோசிக்கிற ஒவ்வொரு கணமும் அந்தக் குழந்தை குளிரில் கிடக்கிறது.

"சிஸ்டர், நான் சொல்றது தப்பா இருந்தா டாக்டர் முன்னாடியே என்னைத் திட்டுங்க. வாங்கிக்கறேன். டேப்பை மட்டும் பிரிங்க, இப்பவே."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் கையுறை மாட்டிக்கொண்டு டேப்பைப் பிரித்தார். சென்சாரைப் பக்கத்தில் இருந்த ஸ்டீல் தட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

36.5.

சிஸ்டர் தட்டைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். சென்சாரைக் கையில் எடுத்து உதறிவிட்டு மறுபடி தட்டில் வைத்தார். எண் நகரவே இல்லை. "கர்த்தரே" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த கணம் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். தெர்மாமீட்டர் வைத்தார், அது காட்டியதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த நர்ஸிடம் நீட்டிக் காட்டினார். அந்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மற்ற நான்கு வார்மர்களிலும் குழந்தைகள் இருந்தன, மாற்றி வைக்க இடமில்லை. சிஸ்டர் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சுமதி, உள்ள வாம்மா!"

சுமதி குழந்தையின் அம்மா. பொம்மனஹள்ளியில் தையல் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"இன்னா ஆச்சு சிஸ்டர்? என் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?"

"கொஞ்சம் சில்லுன்னு இருக்காம்மா. பயப்படாத. இங்க உக்காரு, ஜாக்கெட்டக் கழட்டு." குழந்தையை அவள் மார்பில் தோலோடு தோலாக வைத்து, இரண்டு போர்வையைச் சுற்றினார். "இப்ப நீதான் மிஷின். ஆடாம அசையாம உக்காந்துக்கோ."

சுமதி அசையவில்லை. கண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்து பிரகாஷுக்குப் போன் போட்டேன். கடைசி மிஷின் உறைந்து நிற்பதைச் சொன்னேன்.

"புரோகிராம் ஹேங் ஆக சான்ஸே இல்ல மேடம். வாட்ச்டாக் போட்டிருக்கேனே" என்றார்.

விற்பனைப் பிரிவுக்காக மறுபடியும் ஒரு வார்த்தை. வாட்ச்டாக், அதாவது காவல் நாய், சிப்புக்குள் இருக்கும் ஒரு காவல் கடிகாரம். புரோகிராம் அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால், புரோகிராம் எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று புரிந்துகொண்டு சிப்பையே ரீஸ்டார்ட் செய்துவிடும்.

"அதை எங்க இருந்து தட்டறீங்க பிரகாஷ்?"

ஹூப்ளியில் யாரோ கன்னடத்தில் பேசிக்கொண்டு போவது கேட்டது.

"பிரகாஷ்?"

"டைமர்ல மேடம்."

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். டிஸ்ப்ளேயை எரிய வைக்கும் அதே டைமருக்குள் காவல் கடிகாரத்தைத் தட்டும் வேலையையும் வைத்துவிட்டார். அந்த மிஷினில் வயர் சேரும் இடத்தில் ஈரம் பட்டு, சென்சார் பதில் சொல்லவில்லை. பதில் வரும், வரும் என்று புரோகிராம் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. பதில் வரத் தொடங்கினால்தான் டைமரை நிறுத்தும் என்பதால், டைமர் மட்டும் தன்பாட்டுக்குப் பழைய எண்ணை எரிய வைத்தது, காவல் கடிகாரத்தையும் தட்டிக்கொடுத்தது. வீட்டுக்காரர் உள்ளே மயங்கிக் கிடக்க, பால்காரர் வேளாவேளைக்கு நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் நாய் ஏன் குரைக்கப்போகிறது? ஹீட்டர் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு அணைந்த நிலையில் நின்றது. வார்டில் மிஷினைத் துடைக்கும்போது ஸ்விட்சை அணைத்துப் போடுவார்கள், அப்போது எல்லாம் முதலில் இருந்து ஒழுங்காக ஓடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"ஏன் அங்க வச்சீங்க?" என்றேன்.

"சென்சார் கொஞ்சம் லேட் பண்ணினா சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆயிட்டிருந்துச்சு மேடம். டெஸ்டிங்ல பெரிய தொல்லை. டைமருக்கு மாத்தினதும் நின்னுடுச்சு." பிறகு, "மேடம், நான் பஸ் ஏறிடறேன்" என்றார்.

ரீஸ்டார்ட் ஒரு தொல்லை, பிரகாஷ் அதை நிறுத்தினார். நடுக்கம் ஒரு தொல்லை, அதை நிறுத்தத்தான் நான் வந்திருந்தேன். நான் வந்த வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போயிருந்தால் ஐந்து மிஷின்களும் சிலை மாதிரி நின்றிருக்கும், எது உயிரோடு இருக்கிறது என்று எந்த மனிதராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த கேள்வி மற்ற நான்கைப் பற்றியது. அவற்றிலும் அதே புரோகிராம். நிறுத்தச் சொல்லிவிடலாம், என் பொறுப்பு கழன்றுவிடும். ஆனால் நான்கு குழந்தைகளை எங்கே வைப்பார்கள்? பெரிய ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டு வார்டின் டாக்டரம்மா ஏற்கெனவே அன்று காலையில் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தாராம். பாதுகாப்பு என்று நினைத்து நாம் எடுக்கிற முடிவு சில சமயம் நம்முடைய பாதுகாப்பாக மட்டும் இருந்துவிடும். நான் வார்டுக்குள் போய்ச் சொன்னேன்.

"சிஸ்டர், நடுங்கற வரைக்கும் மிஷின் உசிரோட இருக்கு. எது நடுங்காம நிக்குதோ அதுல இருந்து பேபியைத் தூக்கிடுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, எனக்குப் போன் பண்ணுங்க. நாங்க சரிபண்ற வரைக்கும் தெர்மாமீட்டரை மட்டும் நம்புங்க, நம்பரை நம்பாதீங்க."

"அப்ப நாங்க கம்ப்ளெயின்ட் பண்ணினது…"

"நல்லா ஓடற மிஷின்களைத்தான் சிஸ்டர்."

நடுங்கிக்கொண்டிருந்த நான்கு எண்களையும் அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர். கொரோனா காலத்தில் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பாதவர். அவர் கன்னடம் கலந்து, "மேடம், கேளி, கேளுங்க. கேபிள் லூஸ், அஷ்டே, அவ்வளவுதான். மிஷினை மாத்திக் குடுக்கறோம்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை ஆபீஸ்ல பேசிக்கலாம். நம்மளை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்றார். அந்தக் குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. "சொல்லிட்டேன் சார், எல்லாத்தையும்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நான் கிளம்புகிற சமயத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் வராந்தாவில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வார்டுக்கு வெளியில்தான் நின்றோம், ஆனாலும் குரல் பாதியாகவே இருந்தது.

"மேடம், போன வாரம் ஒரு பேபி. இதே மிஷின்லதான் போட்டிருந்தேன். நான்தான் போடச் சொன்னேன். கை காலெல்லாம் சில்லுன்னு ஆகி, மூச்சு விடாம… டாக்டர் இன்ஃபெக்ஷன்னு சொன்னாங்க. இன்ஃபெக்ஷன் வந்தாலும் சில்லுன்னுதான் ஆகும், அது எனக்கே தெரியும். அது இன்ஃபெக்ஷன் தானே மேடம்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்று இரவு அவர் தூங்கியிருப்பார். நானும் தூங்கியிருப்பேன். ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ரொம்ப பலவீனமான குழந்தைகளை அந்த மிஷினில் போடுவது அந்த வார்டின் வழக்கம். அதனால் அதில் ஒரு குழந்தை போனபோது யாரும் மிஷினைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் அதற்குள் எதையும் சேமித்து வைக்கவில்லை. ஸ்விட்சை அணைத்த கணத்தில் அந்த வாரம் முழுவதும் தடயமில்லாமல் போய்விட்டது.

"தெரியல சிஸ்டர்" என்றேன். "இன்ஃபெக்ஷனா இருக்கலாம். எங்க மிஷினாவும் இருக்கலாம். இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா உங்க மேல தப்பு இல்ல. நீங்க நம்பற மாதிரி நாங்கதான் ஒரு நம்பரைக் காட்டினோம்."

அவர் என் கையை விடவே இல்லை. நான் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் பிரகாஷ் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். நான் அவரைத் திட்டவில்லை, சாப்பிடாமல் வந்ததற்குத்தான் திட்டினேன். விற்ற வார்மர் ஒவ்வொன்றையும் தேடிப் போய்ப் புரோகிராமை மாற்றினார். முதலாளி சில வாரங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் நடந்ததைச் சொல்லித் தாமே போன் செய்தார், ஒன்றைக்கூட விடவில்லை. சுமதியின் மகள் பிழைத்தாள். வீட்டுக்குப் போகும் நாளில் சுமதி கம்பெனி மாடிப்படி ஏறி வந்து, குழந்தையை எங்கள் எடை மிஷினில் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்லாவிட்டால் இதுவரை சொன்னதற்கு அர்த்தமில்லை.

பிரகாஷ் வந்த அதே நாள் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போன வாரம் குழந்தையை இழந்தவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள், திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஒருவேளை இருக்கலாம் என்பதைச் சொல்லி ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளற வேண்டுமா? டாக்டரம்மா இரவெல்லாம் யோசித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "நான் போன் பண்றேன். மிஷினைப் பத்தி நீங்கதான் பேசணும்" என்றார். ஸ்டெல்லா சிஸ்டரும் கூட உட்கார்ந்துகொண்டார்.

எதிர்முனையில் குழந்தையின் அப்பா. டாக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் நான்கு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார். மிஷின் செய்கிற கம்பெனியில் இருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சூட்டைக் காட்ட வேண்டிய எண் உறைந்து நின்றது, ஹீட்டர் அணைந்திருக்கலாம், உங்கள் குழந்தைக்கு அதுதான் நடந்ததா என்று எங்களுக்குத் தெரியாது, நடந்திருக்கலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார். "அப்ப, இவ பால் குடுக்கத் தூக்கனப்ப துணிய சரியாப் போத்தலன்னு… அதனால இல்லீங்களா?"

"யார் அப்படிச் சொன்னது?"

"எங்க வீட்ல எல்லாரும் சொல்லிக்கினுதான் இருக்காங்க. நானும்தான் சொன்னேன்." பிறகு போனை விட்டுத் தள்ளி யாரையோ கூப்பிட்டார். "ஏய், இங்க வா. இந்தம்மா இன்னா சொல்றாங்கன்னு நீயே கேளு."

போன் கை மாறியது. அந்தப் பெண் ஹலோ கூடச் சொல்லவில்லை, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மறுபடி முதலில் இருந்து சொன்னேன். உன் துணியால் எதுவும் ஆகவில்லை அம்மா என்று சொல்லத் துடித்தது, ஆனால் அதுவும் எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததை மட்டும் சொன்னேன். எங்கள் மிஷின் பழுதாக இருந்தது. அதனால் இருக்கலாம்.

அதற்கப்புறம்தான் அவள் பேசினாள். "நான் நல்லாத்தாங்க போத்தினேன். ரெண்டு துணி வச்சிப் போத்தினேன்."

"சரிம்மா" என்றேன்.

"யாருமே நம்பலீங்க."

"நான் நம்பறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா சிஸ்டர் போனைப் பார்த்துக் குனிந்து, "நானும் பாத்தேம்மா. நீ நல்லாத்தான் போத்தின" என்றார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் பிரகாஷை உட்கார வைத்து அந்த மூன்று கோடுகளைப் போட வைத்தேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் எண் உடனே போய்விட வேண்டும். எனக்குத் தெரியவில்லை, யாராவது வந்து குழந்தையைத் தொட்டுப் பாருங்கள் என்று மிஷின் சொல்வதுதான் அந்தக் கோடுகள். அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் பதறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பதறி என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குழந்தையிடம் ஓடுகிறார்கள்.

கோடுகள் இருக்கட்டும்.